கையில் காசு, பிறகு பாட்டு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராமத்து ப்ளூஸ் பாடிய கறுப்பினக் கலைஞர்களில் லைட்னின் ஹாப்கின்ஸ் அளவுக்கு ஒலிப்பதிவுக் கூடங்களில் ஏறி இறங்கியவர்கள் மிகக் குறைவு. 1946 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய அவருடைய பதிவு வாழ்க்கை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்குப் பல நூறு பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார். அவரைப் பற்றி எழுதியவர்கள் யாரும் அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. அவருக்கு ராயல்டி வேண்டாம். பாட்டுக்கு இத்தனை டாலர் என்று பேசி, அதை ரொக்கமாக எண்ணிக் கையில் வைத்தால்தான் பாடுவார். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததற்கான பணம் வரவேண்டும், இல்லாவிட்டால் கிதார் பெட்டிக்குள் போய்விடும். இதைச் சிலர் படிப்பறிவில்லாதவரின் அப்பாவித்தனம் என்று எழுதினார்கள், சிலர் காசாசை என்றார்கள், பெரும்பாலோர் கலைஞனுக்கே உரிய கோணல் குணம் என்று சிரித்துக் கடந்துபோனார்கள். மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பழக்கம் கிழக்கு டெக்ஸஸின் பருத்திக்காட்டுக் கணக்கிலிருந்து வந்தது என்பதும், அதுவே அவருடைய பாட்டுகளின் உருவத்தையும் பெருமளவு தீர்மானித்தது என்பதும்தான் என் வாதம்.

சாம் ஜான் ஹாப்கின்ஸ் பிறந்தது லியோன் கவுண்டியின் சென்டர்வில் ஊரில். ஆண்டு 1912, 1911 என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பகுதியின் கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆன பின்பும் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டுத்தான் பிழைத்தன. சொந்தமாகக் கோவேறு கழுதையும் ஏரும் உள்ள குடியானவர் விளைந்த மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்கையும் பருத்தியில் நான்கில் ஒரு பங்கையும் நிலக்காரருக்கு அளப்பார். எதுவும் இல்லாதவருக்குக் கழுதை, கலப்பை, விதை எல்லாம் நிலக்காரரே தருவார், ஆனால் விளைச்சலில் பாதி அவருக்குப் போய்விடும். வசந்தத்திலிருந்து அறுவடை வரை வீட்டுக்கு வேண்டிய மாவு, உப்பிட்ட பன்றிக்கறி, துணி, மருந்து எல்லாம் பண்ணைக் கடையில் கடனாக வாங்கப்படும். பருத்தி கடைந்து விற்ற பிறகு, ஆண்டின் கடைசியில், கணக்குத் தீர்ப்பு. அந்தக் கணக்கை எழுதியவரும் வைத்திருந்தவரும் கூட்டிச் சொன்னவரும் ஒரே ஆள், நிலக்காரர். கடையில் வாங்கிய பொருளுக்கு என்ன விலை போட்டார், கடனுக்கு என்ன வட்டி சேர்த்தார், பருத்தி எந்த விலைக்குப் போனது என்று குடியானவர் கேட்க முடியாது. கேட்டவர்கள் அடிபட்டதும் ஊரைவிட்டு ஓடியதும் தெற்கு மாநிலங்களின் வரலாற்றில் நிறைய உண்டு. ஆண்டு முழுவதும் உழைத்தவர் டிசம்பரில் கடனாளியாகவே எழுந்து வருவது அங்கே வழக்கமான முடிவு. பங்கு என்று சொல்லி வேலை வாங்கி, கணக்கு என்று சொல்லிப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இதைக் கண்கூடாகப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம், இப்போது பாடு, விற்பதில் உனக்குப் பங்கு, ஆறு மாதம் கழித்துக் கணக்கு அனுப்புகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரர் சொன்னால் அவர் காதில் என்ன விழும்?

இது வெறும் ஊகம் அல்ல. அவருடைய பாட்டே சாட்சி. 1940களின் கடைசியில் ஹூஸ்டனின் கோல்டு ஸ்டார் கம்பெனிக்கு அவர் பாடிய ‘டிம் மூர்ஸ் ஃபார்ம்’ ஒரு பண்ணையாரைப் பற்றியது. நவசோட்டாவைச் சுற்றி, பிராசஸ் ஆற்றுப் படுகையில் பெரும் பருத்திப் பண்ணை வைத்திருந்த டாம் மூர்தான் அந்தப் பண்ணையார். தட்டில் டாம் என்பது டிம் ஆனது, அவ்வளவுதான் மறைப்பு. அந்தப் படுகையில் வேலை செய்தவர்கள் ஆளுக்கு இரண்டு அடி சேர்த்து வாய்வழியாகப் பாடிவந்த பாட்டு அது. மனைவி இறந்த தந்தி வந்தாலும் உழவை விட்டுப் போக முடியாத ஒருவனின் நிலையை ஹாப்கின்ஸ் அதில் பாடுகிறார். குரலை உயர்த்துவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எச்சரிக்கை சொல்வதுபோலப் பாடுகிறார். 1949இல் அது பில்போர்டு பத்திரிகையின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 13ஆம் இடத்துக்கு வந்தது. உயிரோடு இருக்கும் ஒரு பண்ணையாரைக் கிட்டத்தட்டப் பெயர் சொல்லிச் சாடும் பாட்டு, நாணயம் போட்டால் பாடும் பெட்டிகளில் ஊர் ஊராக ஒலித்தது என்பது சாதாரணச் செய்தி அல்ல. அதே பாட்டைப் பத்தாண்டு கழித்து நவசோட்டாவிலேயே வாழ்ந்த மான்ஸ் லிப்ஸ்கம் ஆய்வாளர்களுக்குப் பாடிக் கொடுத்தபோது, தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பதிவு பாடியவர் பெயரில்லாமல்தான் வெளிவந்தது. 1960இலும் அந்த அச்சம் தீரவில்லை. இந்தப் பாட்டைப் பாடியவருக்குப் பங்குக்கணக்கின் மீது நம்பிக்கை இல்லாமல் போனதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

வேலைக்கு முன் கூலி என்ற அவருடைய விதி எந்தச் சந்தையில் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். லோலா ஆன் கல்லம் என்ற ஹூஸ்டன் பெண்மணி, பியானோக்காரர் அமோஸ் மில்பர்னை அலாடின் கம்பெனிக்கு அறிமுகப்படுத்தியவர், ஹாப்கின்ஸையும் பியானோ வாசிக்கும் வில்சன் ஸ்மித்தையும் லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்துப்போனார். ஸ்மித்துக்குத் தண்டர், சாமுக்கு லைட்னின் என்று இடியும் மின்னலுமாகப் பெயர் வைத்தது அப்போதுதான். அந்தப் பதிவில் வந்த ‘கேட்டி மே ப்ளூஸ்’ டெக்ஸஸ் பக்கம் நன்றாக விற்றது. ஹாப்கின்ஸோ ஹூஸ்டனை விட்டு நகர விரும்பவில்லை. உள்ளூரிலேயே பில் குவின் இருந்தார். டெலிஃபோன் ரோட்டில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த மனிதர். பெரிய கம்பெனிகள் தட்டு அச்சிடும் நுட்பத்தை வெளியே விடாமல் காத்துவந்த காலத்தில், தானே முட்டிமோதிக் கற்றுக்கொண்டு கோல்டு ஸ்டார் தட்டுகளை அச்சிட்டவர். 1947இல் குவினுக்குப் பாடிய ‘ஷார்ட் ஹேர்டு வுமன்’, ஒட்டுமுடி வைத்துக் கூந்தலைக் கூட்டிக் காட்டும் பெண்ணைப் பற்றிய கேலிப்பாட்டு, நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் என்று விற்றதாகச் சொல்வார்கள். அதே ஆண்டில் அதே பாட்டை அவர் அலாடினுக்கும் பாடினார். இரண்டு கம்பெனிகளும் ஒரே பாட்டைத் தனித்தனித் தட்டாக விற்றன. ஒரு கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர் பாட்டை இன்னொருவருக்குத் தரக்கூடாது என்ற சட்ட நியாயம் அவருக்குப் பொருட்டாகவே இல்லை. ஒப்பந்தத்தை மீறிய ஏமாற்று வேலை என்று இதைச் சொல்லலாம்தான். அவர் விற்றதாக எண்ணியது பாட்டை அல்ல, அன்றைக்குப் பாடிய உழைப்பை. இன்று ஒருவர் வயலில் கூலிக்கு உழுதவன் நாளை இன்னொருவர் வயலில் அதே ஏரால் உழுவதில் என்ன துரோகம்?

இங்கே எழும் வலுவான மறுப்பு கணக்கு சார்ந்தது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு தட்டின் ஒரு பக்கத்துக்குப் பாட்டின் உரிமையாளருக்கு 2 சென்ட் என்று விதித்திருந்தது. நாற்பதாயிரம் தட்டு விற்றால் 800 டாலர். வெளியீட்டாளர் பாதியை எடுத்துக்கொண்டாலும் 400 டாலர் மிஞ்சும். அவர் வாங்கியதோ பாட்டுக்கு நூறு டாலர் அளவில். வென்ற பாட்டு ஒவ்வொன்றிலும் அவர் இழந்தார் என்பது உண்மை. ஆனால் வென்ற பாட்டுகள் எத்தனை? தேசியப் பட்டியலில் ஏறியவை ஐந்தே: 1949இல் ‘டி-மாடல் ப்ளூஸ்’ 8ஆம் இடம், ‘டிம் மூர்ஸ் ஃபார்ம்’ 13ஆம் இடம், 1950இல் ‘ஷாட்கன் ப்ளூஸ்’ 5ஆம் இடம், 1952இல் ‘கிவ் மீ சென்ட்ரல் 209’, ‘காஃபி ப்ளூஸ்’ இரண்டும் 6ஆம் இடம். மற்ற நூற்றுக்கணக்கான பாட்டுகள் சில ஆயிரம் விற்றவை, அல்லது வெளிவராமலே கிடந்தவை. அவற்றுக்கும் நூறு டாலர் கையில் விழுந்தது. வென்ற பாட்டுகளுக்கும், கம்பெனிக்காரர் விற்பனை எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னால்தானே 2 சென்ட் வரும்? எத்தனை தட்டு அச்சிட்டார், எத்தனை திரும்பி வந்தது என்பதை அவரே எழுதி அவரே வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரு பாடகனுக்கு வழியில்லை. கம்பெனிகளின் ஆயுளையும் பாருங்கள். கோல்டு ஸ்டார் 1950களின் தொடக்கத்திலேயே நின்றுபோய், அதன் மூலப் பதிவுகளில் பல கலிஃபோர்னியாவின் மாடர்ன் கம்பெனிக்கு விற்கப்பட்டன. நியூயார்க்கின் பாபி ஷாட் நடத்திய ‘சிட்டின் இன் வித்’ சில ஆண்டுகளில் முடிந்தது. அலாடின் 1960களின் தொடக்கத்தில் கைமாறியது. கடை மூடிய பிறகு யாரிடம் பங்கு கேட்பது? அந்நாளில் நூறு பவுண்டு பருத்தி எடுத்தால் சுமார் மூன்று டாலர் கூலி. தேர்ந்த கை ஒரு நாளில் இருநூறு பவுண்டு எடுக்கும். மூன்று நிமிடப் பாட்டுக்குக் கிடைத்த நூறு டாலர், குனிந்து எடுக்கும் பருத்தியில் இரண்டு வாரத்துக்கும் மேலான உழைப்பு. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, வருமா வராதா என்று தெரியாத சென்ட்டுகளுக்குக் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று இன்றைய வசதியில் இருந்துகொண்டு சொல்வது எளிது.

கூலி முறை பாட்டின் உடம்புக்குள் எப்படி நுழைந்தது என்பதே எனக்கு இதில் முக்கியம். பாட்டுக்கு இத்தனை என்று விற்பவருக்குப் பாட்டு தீர்ந்துபோகக் கூடாது. கூடத்தில் உட்கார்ந்த இடத்தில் புதிது பிறக்க வேண்டும். ஹாப்கின்ஸின் உத்திகள் எல்லாம் இதற்கு வாகானவை. பெரும்பாலும் ஈ சுருதியில் வாசிப்பார். கட்டைவிரல் தடித்த தந்திகளில் ஒரே சீராக இடித்துக்கொண்டிருக்கும். ஒரு அடியைப் பாடி நிறுத்தியதும் சுட்டுவிரல் மெல்லிய தந்திகளில் அந்த அடிக்குப் பதில் சொல்லும். அந்தப் பதில் வாசிக்கப்படும் நேரத்தில் அடுத்த அடியை யோசித்துவிடலாம். யோசனை நீண்டால் பதிலும் நீளும். அதனால்தான் பன்னிரண்டு பார் என்று வகுத்த ப்ளூஸ் சுற்று அவரிடம் பதினொன்றரையாகவும் பதின்மூன்றாகவும் வந்து நிற்கிறது. தாளம் பிசகிய பாடகர் என்று இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. 1954இல் ஹெரால்டு கம்பெனிக்காக ஹூஸ்டனில் நடந்த பதிவுகளைக் கேட்டால் அந்தக் குறை நிற்காது. அங்கே மின்கிதார் காட்டமாக உறுமுகிறது. டொனால்டு குக்ஸின் பாஸும் பென் டர்னரின் டிரம்மும் கூடவே ஓடுகின்றன. இருவரும் அவர் எங்கே திரும்புவார் என்று காத்திருந்து திரும்புகிறார்கள். தாளம் சிதறவே இல்லை. சுற்றின் நீளத்தை மட்டும் சொல்லே தீர்மானிக்கிறது. இந்த முறைக்கு அவர் சின்ன வயதிலேயே வாரிசு. எட்டு வயதில் பஃபலோ என்ற டெக்ஸஸ் ஊரின் தேவாலயக் கூட்டத்தில் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் வாசிப்பைக் கேட்டவர். பின்னர் உறவினரான டெக்ஸஸ் அலெக்சாண்டருடன் ஊர் சுற்றியவர். எந்தச் சுற்றுக்கும் கட்டுப்படாமல் வயல்வெளிக் குரலில் பாடிய அலெக்சாண்டருக்குக் கிதார் வாசித்தவர் எவருக்கும் இந்தப் பாடம் வந்துசேர்ந்திருக்கும். தெருமுனையில், பீர்க் கடையில், பேருந்தில் தொப்பி நீட்டிப் பாடியவரின் கலை இது. ஒலிப்பதிவுக் கூடம் அவருக்கு இன்னொரு தெருமுனை, தொப்பியில் விழும் தொகை மட்டும் பெரிது.

உடனுக்குடன் பாட்டுக் கட்டியதால், அன்றாடச் செய்தி தட்டில் ஏறியது. கொரியப் போர் நடந்தபோது ‘சேட் நியூஸ் ஃப்ரம் கொரியா’ வந்தது. மீண்டும் போர் மூளும் என்ற பேச்சு எழுந்த 1960களின் தொடக்கத்தில் அதற்கும் ஒரு பாட்டு இருந்தது. 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் க்ளென் பூமியைச் சுற்றிவந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அன்றைக்கே ‘ஹேப்பி ப்ளூஸ் ஃபார் ஜான் க்ளென்’ பாடிப் பதிவு செய்தார். பருத்திக்காட்டில் கழுதை ஓட்டி வளர்ந்தவரின் தொண்டையில் விண்வெளிப் பயணம் அன்று மாலையே ப்ளூஸாகிவிட்டது. ராயல்டியை நம்பும் பாடகருக்கு இத்தகைய பாட்டால் பயனில்லை. நீண்டநாள் ஓடும் பாட்டுதான் அவருக்கு வேண்டும். அன்றைய கூலியை அன்றே வாங்குபவருக்குத்தான் அன்றைய செய்தி பாட்டாகும். நான் அவருடைய தட்டுகளை நாட்குறிப்பின் ஏடுகளைப் போல வாசிப்பது இதனால்தான்.

சரி, இப்படி அவசரத்தில் கட்டியவற்றில் பாதி ஒன்றுபோல இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்? இருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1960களில் மாதத்துக்கொரு கம்பெனி வாசலில் நின்ற காலத்தில் அவர் பாடிய நெடுந்தட்டுகளில் சில சோர்ந்தவை. பழைய மெட்டு, பழைய பதில், பெண்ணின் பெயர் மட்டும் புதிது. பொருளைத் தயாரிக்கிறவரிடம் நல்லதும் நைந்ததும் சேர்ந்தே வரும். ஆனால் திரும்பப் பாடியது எல்லாம் நகல் என்று நினைப்பது தவறு. ‘மிஸ்டர் சார்லி’யை எடுத்துக்கொள்ளுங்கள். திக்குவாய்ச் சிறுவன் ஒருவன் ஆலை முதலாளி சார்லியிடம் ஓடிவருகிறான், ஆலை தீப்பற்றி எரிகிறது, அவனுக்கோ வாய் திறந்தால் சொல் வரவில்லை, பேச முடியாவிட்டால் பாடிச் சொல் என்கிறார் முதலாளி, அவன் பாடுகிறான். 1960 நவம்பரில் நியூயார்க்கில் கேண்டிட் கம்பெனிக்காகப் பதிவானது ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி பேச்சு: சிறுவனின் திக்கலை விரல்கள் கிதாரில் திக்கிக் காட்டுகின்றன, முதலாளியின் பொறுமையின்மை குரலில் ஏறுகிறது, கடைசியில்தான் பாட்டு பிறக்கிறது. மூன்று நிமிடத்தில் அடங்கவேண்டிய பழைய 78 சுற்றுத் தட்டில் இந்த விரிவுக்கு இடமே இல்லை. நெடுந்தட்டு வந்ததும் கதைசொல்லி வெளியே வந்தார். பொருள் ஒன்றே, வாங்குபவரும் பாத்திரமும் மாற, உரு மாறியது. ஆலை எரிவதை முதலாளியிடம் சாதாரணப் பேச்சில் சொல்லமுடியாத கறுப்புச் சிறுவன் அதைப் பாட்டில் சொல்லிவிடுகிறான் என்பதில், டாம் மூர் பாட்டின் அண்ணன் தம்பி உறவும் தெரிகிறது.

வாங்குபவர் மாறிய அந்தத் திருப்பத்தைப் பற்றித்தான் அதிகம் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. ராக் அண்ட் ரோல் பரவியதும் அவருடைய தட்டுகளுக்கு மவுசு குறைந்தது. 1950களின் பிற்பாதியில் பதிவுகள் அரிதாயின. 1959 ஜனவரி 16 அன்று சாமுவேல் சார்ட்டர்ஸ் என்ற ஆய்வாளர் ஹூஸ்டனின் ஹேட்லி தெருவில், ஹாப்கின்ஸ் வாடகைக்கு இருந்த சிற்றறையில், ஒரே ஒரு மைக்கை வைத்து அவரைப் பதிவு செய்தார். மின்கிதார் கூடாது, மரக்கிதார்தான் வேண்டும் என்றார். பிளைண்ட் லெமனைப் பற்றிய நினைவுகளைப் பேசவைத்தார். சிறைப் பாட்டைப் பாடவைத்தார். ஃபோக்வேஸ் வெளியிட்ட அந்தத் தட்டும், அதே ஆண்டில் வந்த சார்ட்டர்ஸின் ‘தி கன்ட்ரி ப்ளூஸ்’ நூலும் சேர்ந்து, மறைந்துபோன கிராமியக் கலைஞர் ஒருவர் கண்டெடுக்கப்பட்டார் என்ற எண்ணத்தை வெள்ளையின இளைஞர்களிடம் பரப்பின. ஐந்தே ஆண்டுக்கு முன் மின்கிதாரில் ஹெரால்டுக்குப் பாடியவர், தேர்டு வார்டு பகுதியின் டௌலிங் தெருவில் எல்லோரும் அறிந்தவர், கண்டெடுக்கப்படும் அளவுக்கு எங்கே தொலைந்தார்? எது அசல் ஹாப்கின்ஸ், மின்கிதார்க்காரரா மரக்கிதார்க்காரரா என்று அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. கூலிக்கணக்கு தெரிந்தவருக்கு அந்த வழக்கே எழாது. பீர்க் கடையின் இரைச்சலுக்கு மேல் கேட்கவேண்டும் என்றால் மின்கிதார். அமைதியாக உட்கார்ந்து கேட்கும் மாணவர்கள் காசு தந்தால் மரக்கிதார். 1960 அக்டோபரில் கார்னகி அரங்கில் பீட் சீகர், ஜோன் பயஸ் ஆகியோருடன் ஒரே மேடையில் பாடினார். அடுத்த மாதமே கேண்டிட்டுக்குத் தனியாக அந்த நெடும்பேச்சுப் பாட்டும், ஹார்லெமின் பாபி ராபின்சன் நடத்திய ஃபயர் கம்பெனிக்கு டிரம் அதிர ‘மோஜோ ஹேண்ட்’ பாட்டும் பாடினார். ஒன்று கல்லூரி விடுதிகளுக்கு, மற்றது கறுப்பினத்தவரின் பாட்டுப் பெட்டிகளுக்கு. இரண்டிலும் அவர் நடிக்கவில்லை. கேட்டவருக்கு வேண்டியதைத் தன் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஏழையின் இழப்பை ஞானம் என்று அலங்கரிப்பதாக இந்த வாதத்தைச் சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். அமெரிக்கச் சட்டம் 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவான ஒலிக்கு மத்தியப் பதிப்புரிமை எதையும் தரவில்லை. பாடியவருக்கு என்ன கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தை எழுதியவரின் பேனாவில் இருந்தது. அவருடைய பழைய பாட்டுகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மறுபடி மறுபடி வெளியிட்டவர்கள் சம்பாதித்ததில் அவர் பங்கு ஒன்றுமில்லை. அது அநியாயம், அதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. நான் மறுப்பது, அந்த அநியாயத்தின் காரணத்தை அவர் தலையில் ஏற்றுவதை. நூறு டாலரைக் கேட்டு வாங்கியது பிழையான கணக்கு அல்ல. நேர்மையான கணக்கு எழுதும் ஆள் எதிரே இல்லாததால் போட்ட கணக்கு. 1959இல் அவரைக் கேட்க ஹூஸ்டனுக்கு வந்து, பீர்க் கடையில் எதிரே இருப்பவர்களைப் பற்றியே அவர் பாட்டுக் கட்டுவதைக் கண்டு வியந்து, அடுத்த ஆண்டே ஆர்ஹூலி கம்பெனியைத் தொடங்கிய கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ், பில் குவினின் பழைய கோல்டு ஸ்டார் பதிவுகளையும் பின்னர் தேடிப்பிடித்து வெளியிட்டார். ஃபோக்வேஸின் சேகரம் 1987இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. ஆர்ஹூலியும் 2016இல் அங்கேயே சேர்ந்தது. அவற்றைக் கேட்கப் போகிறவர்கள் சிறந்த பாட்டுகளின் தொகுப்பு எதையும் எடுக்காமல், பதிவான நாளையும் பணம் கொடுத்த கம்பெனியின் பெயரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1947இன் ‘ஷார்ட் ஹேர்டு வுமன்’ தொடங்கி வரிசையாகக் கேட்கவேண்டும் என்பது என் பரிந்துரை.